தசைமெலி நோயும் நம்மவர் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இச்சபையின் முன் நின்று பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். கல்வியைப் பற்றியேனும் வியாபார விருத்தியைப் பற்றியேனும் பேசுதல் இங்கு வழக்கமாயிருக்க, யாம் ஒரு வியாதியைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினோம். அதுவும் இன்றுவரை தீர்க்க மருந்து காணப்படாத வியாதி. பலர் கூடிய சபையில் இத்தகைய விஷயத்தை எடுத்தல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். யாம் வைத்தியரல்லேம்; தானிய மண்டி நடத்திவந்த குடும்பத்திற் பிறந்து, அக்கடையிலேயே கணக்கெழுதி வளர்ந்தோம். ஆயினும் எம் தமையனார் இந்நோயினால் நான்கு வருஷம் வருந்தி மறைந்தார். அந்நான்கு வருஷங்களில் யாம் செய்த பிழைகள் பல. வைத்தியர்களிடமும் நூல்களிடமும் கேட்டறிந்தவை சில. எம் பிழைகள் உங்களில் ஒரு குடும்பத்துக்கேனும் பாடமாகுமாயின், அதுவே அவருக்கு யாம் செலுத்தும் கடனாகும்.

யாம் சொல்லப் புகுவது ஒரே பொருள்தான். குணமாக்கும் மருந்து இல்லை என்பது வேறு; செய்யத்தக்க சிகிச்சை இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்கியதே எம் குடும்பத்துக்கு நேர்ந்த பெருங்கேடு.

நோயின் பெயரும் இயல்பும்

இந்நோய்க்கு மேனாட்டு வைத்தியர் இட்ட பெயர் 'அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ்' என்பது. பெயர் நீண்டதாகலின் 'ஏ.எல்.எஸ்.' எனச் சுருக்கி வழங்குவர். நம் நாட்டு வைத்தியர்கள் பெரும்பாலும் 'மோட்டார் நியூரான் நோய்' என்பார்கள். தமிழில் இயக்க நரம்பணு நோய் எனலாம். அந்நீண்ட பெயரின் முதற்சொல் தசைக்கு ஊட்டமின்மையைக் குறிக்கும். இரண்டாஞ்சொல் முதுகுத்தண்டின் பக்கப் பகுதியையும், மூன்றாஞ்சொல் அப்பகுதி தழும்பேறி இறுகுதலையும் குறிக்கும். பாரிஸ் நகரத்தில் ஸால்பெத்ரியேர் என்னும் பெரிய வைத்தியசாலையில் இருந்த ழான் மார்த்தன் ஷார்க்கோ என்னும் வைத்தியர் 1869-ம் வருஷத்தில் இதனைத் தனி நோயாக விவரித்து, 1874-ல் இப்பெயரை வழங்கினார். நோயாளி உயிரோடிருந்தபோது கண்ட குறிகளையும், அவர் இறந்தபின் முதுகுத்தண்டிற் கண்ட மாறுதல்களையும் ஒப்புநோக்கியே அவர் இம்முடிவுக்கு வந்தார்.

நோய் தேகத்தில் யாது செய்கிறது? நாம் கையை உயர்த்த எண்ணினால், அக்கட்டளை மூளையின் மேற்பரப்பிலுள்ள நரம்பணுக்களிற் பிறந்து முதுகுத்தண்டுக்கு இறங்குகிறது. அங்குள்ள இரண்டாம் வரிசை நரம்பணுக்கள் அதனை ஏற்றுத் தசைக்குச் செலுத்துகின்றன. தலைமைக் கடையிலிருந்து கிளைக் கடைக்கும், கிளைக் கடையிலிருந்து வேலையாளுக்கும் உத்தரவு செல்வது போன்றது இது. இந்நோயில் இரு வரிசை நரம்பணுக்களும் சிறிது சிறிதாக மாய்கின்றன. மேல் வரிசை மாய்ந்தால் அவயவங்கள் விறைக்கும். வைத்தியர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினால் கால் மிகுதியாக உதறும். கீழ் வரிசை மாய்ந்தால் தசை மெலியும், துடிக்கும், வலுவிழக்கும். ஒரே கையில் விறைப்பும் மெலிவும் சேர்ந்து காணப்படுவது இந்நோயின் முக்கியமான அடையாளம்.

எவை கெடுவதில்லை என்பதும் அறியத்தக்கது. பார்வை, செவி, தொடுவுணர்ச்சி, சுவை, மணம் ஆகியவை பெரும்பாலும் பழுதின்றி இருக்கும். கண்களை அசைக்கும் தசைகளும், மலஜலத்தை அடக்கும் தசைகளும் நெடுங்காலம் தப்பியிருக்கும். ஆதலின் கைகால் அசையாது, பேச்சும் அற்றுக் கிடக்கும் ஒருவர், நாம் அவரருகில் பேசுவதையெல்லாம் கேட்டு உணர்ந்துகொண்டே இருக்கிறார். இதனைச் சற்றும் மறத்தலாகாது.

மேனாடுகளில் லக்ஷம் பேருக்கு வருஷந்தோறும் ஏறக்குறைய இருவர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாகின்றனர். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடமே மிகுதியாகக் காணப்படும். ஆயினும் இளைஞரையும் விடுவதில்லை. அமெரிக்க நாட்டில் 'பேஸ்பால்' என்னும் பந்தாட்டத்தில் 1925 முதல் 1939 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் 2,130 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடிய லூ கெரிக் என்னும் வீரர், தம் 36-ம் வயதில் இந்நோய் உற்றதாக அறிந்து ஆட்டத்தை விடுத்து, 1941-ல் காலமானார். அந்நாட்டினர் இன்றும் இதனை அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

அறிகுறிகள்

எம் தமையனாருக்கு அப்போது வயது 56. ஒருநாட் காலையில் கடையைத் திறக்கச் சென்றவர், பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்ப மாட்டாமல் நின்றார். பூட்டுத் துருப்பிடித்தது என்று எண்ணி எண்ணெய் விட்டோம். மறுவாரம் சட்டைப் பொத்தானை இடமாட்டாது தவித்தார். பேரேட்டில் அவர் எழுதிய அச்சுப்போன்ற எழுத்து கோணலாயிற்று. வலது கட்டைவிரலின் அடியிலுள்ள மேடு குழிந்தது. சுண்டுவிரற்புறம் அவ்வளவு மெலியவில்லை. கட்டைவிரற்புறமே முந்தி மெலிவது இந்நோயின் குறிகளுள் ஒன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். புஜத்தில் தோலின்கீழ்ப் புழு நெளிவதுபோல ஓயாத துடிப்பு உண்டாயிற்று. வலி இல்லை, மரமரப்பும் இல்லை. வலி இல்லாமையாலேயே யாவரும் அலட்சியம் செய்தோம்.

நோயாளிகளில் மூன்றில் இருவருக்கு இவ்வாறு கையிலேனும் காலிலேனும் நோய் தொடங்கும். காலில் தொடங்கினால், நடக்கையில் பாதம் தொங்கி விரல்கள் தரையில் இடறும். செருப்பு காலினின்று நழுவும். மற்றும் பலருக்கு நாவிலும் தொண்டையிலும் தொடங்கும். பேச்சுக் குழறும், மூக்காற் பேசுவதுபோல் ஒலி மாறும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். கெட்டியான உணவினும் தண்ணீரே முதலில் இடர் செய்யும். நாக்கு சுருங்கி நடுங்கும். குடிபோதையிற் பேசுகிறார் என்று பிறர் பழிக்க, நல்லொழுக்கமுடையவர் நாணிக் குன்றிய செய்திகளும் உண்டு.

நாளடைவில் நோய் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்குப் பரவும். தேகம் இளைக்கும். தசைப்பிடிப்பு இரவில் வருத்தும். சிலருக்குக் காரணமின்றிச் சிரிப்பும் அழுகையும் அடக்கமுடியாமல் எழும். இது பித்தமன்று, மேல் வரிசை நரம்பணுக்களின் கெடுதியால் விளைவது, இதற்கு மருந்தும் உண்டு. நோயாளிகளிற் பாதிப் பேர் வரையில் சிந்தனையிலேனும் குணத்திலேனும் சிறு மாறுதல் காணப்படும். பத்தில் ஒருவருக்கோ சற்று அதிகமானவர்களுக்கோ அது பெரிய மனக்கோளாறாகவே முற்றும். அவரது பிடிவாதத்தையோ கோபத்தையோ கண்டு வீட்டார் மனமுடைதலாகாது.

எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது மூச்சு. மூச்சை இழுக்கும் தசைகள் தளர்வதால் மல்லாந்து படுக்க முடியாமை, இரவில் அடிக்கடி விழித்தல், காலையில் தலைவலி, பகலிற் தூக்கம் ஆகியவை தோன்றும். இவற்றைக் கிழத்தன்மையென்று தள்ளிவிடுவோர் பலர். இந்நோயில் மரணம் பெரும்பாலும் மூச்சின் வழியாகவே வருகிறது. தொடக்கத்திலிருந்து மூன்று முதல் ஐந்து வருஷம் வரை வாழ்வதே பெரும்பான்மை. பத்தில் ஒருவர் பத்து வருஷத்துக்கு மேலும் வாழ்கிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கண்ணிமை துடிப்பதும், கெண்டைக்காற்சதை துடிப்பதும் நம்மில் யாவருக்கும் நிகழ்வனவே. வலுக்குறைவும் தசைமெலிவும் இன்றி வெறுந் துடிப்பு மாத்திரம் இருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. யாம் சொன்னதைக் கேட்டு வீண் கவலை கொள்ளாதீர்கள்.

வீணான காலம்

இனி எம் பிழைகளைச் சொல்வோம். முதல் நான்கு மாதம் நரம்புத் தளர்ச்சி என்று எண்ணெய் தேய்த்தோம். பின்பு ஒரு வைத்தியசாலையில் கழுத்தெலும்புத் தேய்வு என்று சொல்லிச் சஸ்திர சிகிச்சை செய்தார்கள். அவரது வயதில் கழுத்தெலும்பு தேய்ந்திருத்தல் இயல்பு. படத்தில் அது தெரியவும் தெரிந்தது. ஆனால் நோய் அதுவன்று. சிகிச்சைக்குப் பின் கை மேலும் தளர்ந்தது. அடுத்து, ஒரு மண்டலத்தில் எழுந்து நடக்கவைப்பதாக வாக்களித்த ஒருவரிடம் சென்றோம். ஒரு மண்டலம் மூன்று மண்டலமாயிற்று. அண்ணியாரின் இரட்டைவடச் சங்கிலி அதிற் போயிற்று. நோயின் பெயரை ஒரு நரம்பு வைத்தியர் எமக்குச் சொல்வதற்குள் பதினான்கு மாதம் கழிந்துவிட்டது.

இது எமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. உலகெங்கும் முதற்குறி தோன்றியதிலிருந்து நோய் நிச்சயமாவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகின்றதென்பர். இதற்கு ஒரு காரணம், இந்நோயை ஒரே சோதனையால் அறிய முடியாமை. நரம்பு வைத்தியர் தேகத்தைத் தாமே பரிசோதித்து, தசையில் மெல்லிய ஊசி செலுத்தி அதன் மின்னோட்டத்தை அளந்து, காந்தப் படத்தாலும் இரத்த சோதனையாலும் பிற நோய்களை விலக்கிய பின்னரே தீர்மானிக்கிறார்.

அவ்வாறு விலக்குவது வெறுஞ் சடங்கன்று. இதனைப்போலத் தோன்றுவனவற்றுள் குணமாகத்தக்க நோய்களும் உண்டு. கழுத்தில் முதுகுத்தண்டு நெருக்குண்டால் உரிய காலத்திற் சஸ்திர சிகிச்சை பயன்படும். இயக்க நரம்புகளின்மேல் தேகத்தின் காவற்சக்தியே போர்தொடுக்கும் ஒரு நோயில் 'இம்யூனோகுளோபுலின்' என்னும் மருந்தை இரத்தக்குழாயிற் செலுத்தினால் வலு மீள்கிறது. இளைஞரின் ஒரு கையை மாத்திரம் மெலிவித்துச் சில வருஷங்களில் தானே நின்றுவிடும் ஒரு நோயை ஜப்பானில் ஹிராயாமா என்பவர் 1959-ல் விவரித்தார். நம் இந்தியாவிலும் அது உண்டென்று கௌரிதேவி அம்மையார் முதலியோர் 1984-ல் எழுதினார்கள்.

நம் சென்னையின் பெயரையே தாங்கிய நோயும் ஒன்று உண்டு. மீனாக்ஷிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்னும் வைத்தியர்கள் 1970-ல் சென்னையிற் கண்ட நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, ஒரு தனி வகையைக் குறிப்பிட்டார்கள். இளவயதிலேயே தொடங்கி, கைகால்களோடு முகத்தையும் நாவையும் மெலிவித்து, பலருக்குச் செவியையும் மந்தமாக்குவது அது. ஆனால் மிக மெதுவாகவே நடப்பது. பெரும்பாலும் தென்னிந்தியாவிற் காணப்படுவதால் 'மதறாஸ் வகை' என்று உலகத்து வைத்திய நூல்கள் அதனைக் குறிக்கின்றன. அவ்வகையினர் பல பத்தாண்டுகள் வாழ்வதுண்டு. ஆகவே இயக்க நரம்பணு நோய் என்ற சொல்லைக் கேட்டவுடனே எல்லாம் முடிந்தது என்று கொள்ளாமல், எவ்வகை என்று கேட்டறிதல் வேண்டும். கை மெலிந்தாலும் பேச்சுக் குழறினாலும் காலதாமதமின்றி நரம்பு வைத்தியரைக் காணுங்கள் என்று யாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

சிகிச்சை

நோய் நிச்சயமான பின் செய்யத்தக்கது யாது? மருந்துகளை முதலிற் சொல்வோம். 'ரிலுசோல்' என்னும் மாத்திரை 1995-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. வழக்கமான அளவு 50 மில்லிகிராம், நாளைக்கு இருவேளை. ஈரலைக் கவனிக்க இரத்த சோதனை வேண்டும். இது நோயை நிறுத்துவதன்று. ஆராய்ச்சிகளில் ஆயுளை இரண்டு மூன்று மாதம் நீட்டியதாகக் கண்டார்கள். 'எடரவோன்' என்பது ஜப்பானில் 2015-லும் அமெரிக்காவில் 2017-லும் அங்கீகாரம் பெற்றது. அது எல்லார்க்கும் பயன்படுமோ என்பதில் வைத்தியரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. 'ஸாட் ஒன்று' என்னும் மரபணுவிற் குறையுள்ளவர்களுக்கு மாத்திரம் முதுகுத்தண்டு நீரிற் செலுத்தும் 'டோஃபெர்சென்' என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. நோயாளர் நூற்றுவரில் இருவர் அளவே அக்குறையுடையவர். 2022-ல் அங்கே அனுமதி பெற்ற வேறொரு மருந்து, பெரிய ஆராய்ச்சியில் பயன் காட்டாமையால் 2024-ல் அதனைச் செய்தவர்களாலேயே திரும்பப் பெறப்பட்டது. உண்மையான வைத்திய சாஸ்திரம் தன் தோல்வியைத் தானே பறைசாற்றும் என்பதற்கு இது சான்று. மூல உயிரணு எனப்படும் 'ஸ்டெம் செல்' சிகிச்சையால் குணமாகுமென்று பெரும்பொருள் கேட்போரை நம்பாதீர்கள். அது இன்னும் ஆராய்ச்சியிலேயே இருப்பது.

மருந்து இவ்வளவே என்று கேட்டு மனந்தளர வேண்டா. மருந்தினும் மிகுந்த பயன் தருவன சில உள.

முதலாவது மூச்சுக்கருவி. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி வழியாக, தொண்டையை அறுக்காமலே, இரவில் காற்றை அழுத்திச் செலுத்தும் சிறு இயந்திரம் அது. இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து வைத்தியர்கள் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொண்டை மிகத் தளராத நோயாளிகள் இக்கருவியால் ஏறக்குறைய ஏழு மாதம் அதிகம் வாழ்ந்தார்கள். நல்ல உறக்கமும் பெற்றார்கள். வெறும் பிராணவாயு உருளையை வாங்கி வைத்தால் போதும் என்று எண்ணுவது பிழை. தளர்ந்த தசைக்கு வேண்டுவது காற்றைத் தள்ளும் துணையே. அது இன்றிப் பிராணவாயுவை மாத்திரம் செலுத்தினால் கரியமில வாயு உள்ளே தேங்கி மயக்கம் விளைதல் உண்டு. எம் தமையனார்க்கு முதற்கண் உருளையையே வாங்கினோம். வைத்தியர் சொல்லித்தான் அதனை நிறுத்தினோம்.

இரண்டாவது உணவு. தேகம் இளைக்க இளைக்க நோய் விரையும். ஆதலின் பத்தியம் என்று பட்டினி போடலாகாது. நெய்யும் பாலும் பருப்பும் சேர்த்துக் குழைய வடித்த சோறு, கூழ், தயிர் ஆகிய சற்றுக் கெட்டியான உணவே தண்ணீரைவிடப் புரையேறாமல் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைத் தாழ்த்தி விழுங்கச் செய்யவேண்டும். அதுவும் இயலாத நிலை வருமுன், வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்தலாம். மூச்சின் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்குவதற்குமுன் இதைச் செய்வது நலம் என்பர். எம் தமையனார் குழாய் வேண்டாமென்று நெடுநாள் மறுத்தார். குழாய் வைத்த பின்னும் நாவுக்குச் சிறிது பாயசம் தரலாம் என்று வைத்தியர் சொன்னபிறகே இசைந்தார்.

மூன்றாவது உபாதைகளைத் தணித்தல். விறைப்புக்கும், உமிழ்நீர் வழிதலுக்கும், தசைப்பிடிப்புக்கும், காரணமற்ற அழுகைக்கும் தனித்தனி மருந்துகள் உண்டு. மூட்டுகள் பிடித்துப்போகாதபடி நாள்தோறும் கைகால்களை மெல்ல நீட்டி மடக்கவேண்டும். களைக்கும்படி தேகப்பயிற்சி செய்வித்தல் ஆகாது. தொங்கும் பாதத்துக்கும் தலைக்கும் தாங்கிகள் உள. நரம்பு வைத்தியர், மூச்சு வைத்தியர், உணவு நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர் முதலியோர் ஒன்றுகூடிப் பார்க்கும் இடத்தில் நோயாளிகள் நெடுநாள் வாழ்கிறார்கள் என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை.

நான்காவது பேச்சு. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹாக்கிங் என்னும் பௌதிக சாஸ்திரிக்கு 1963-ல், 21-ம் வயதில், இந்நோய் என்று சொன்ன வைத்தியர்கள் இரண்டு வருஷமே தவணை கொடுத்தார்கள். அவர் 1985-ல் குரலை இழந்தார். அதன்பின் கணிப்பொறியின் குரலாற் பேசி, 1988-ல் உலகம் அறிந்த நூலை வெளியிட்டு, 2018-ல் 76-ம் வயதில் மறைந்தார். அவரைப்போல் நீடித்தவர் மிக அரியர். அவரைக் காட்டி எல்லார்க்கும் அவ்வாறே ஆகுமென்று சொல்வது சரியன்று. ஆயினும் குரல் போனபின்னும் மனிதனின் சொல் போகவேண்டுவதில்லை என்பதை அவர் நிரூபித்தார்.

கண்ணசைவை அறிந்து எழுத்தைக் காட்டும் கணிப்பொறிகள் இன்று கிடைக்கின்றன. எம் வீட்டில் அது இல்லை. தமையனாரின் இளைய மகள், அப்போது ஏழாம் வகுப்பில் வாசித்தவள், ஓர் அட்டையில் நம் எழுத்துக்களை வரிசையாக எழுதினாள். "அப்பா, உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று கேட்பாள், வேண்டிய வரிசையைச் சொன்னபோது அவர் கண்ணை மூடித் திறப்பார். பின் அவ்வரிசையின் எழுத்துக்களைச் சொல்வாள். அதன்பின் குறில் நெடில்களைச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இலக்கணம் அவ்வீட்டில் அவ்வாறு பயன்பட்டது. கடையில் யார் யார் எவ்வளவு பாக்கி என்பதை ஒன்றும் தவறாமல் அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்தார். கூடிய விரைவில், நோயாளி பேசக் கூடியபோதே, இத்தகைய அட்டையைப் பழக்குதல் நலம்.

மறைத்தலாகாது

இனி இச்சங்கத்தில் பேசவேண்டிய விஷயத்துக்கு வருவோம். நோயின் பெயர் தெரிந்தபின்னும் யாம் அதனை ஊராருக்குச் சொல்லவில்லை. காரணம் நீங்கள் அறிவீர்கள். தமையனாரின் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். குலத்தில் நரம்பு நோய் என்று ஒரு சொல் பிறந்தால், அது நம்மவர் வீடுதோறும் சென்று திரும்பும். ஆகவே விருந்தினர் வந்தால் அவரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். வாதம் என்று பொய் சொன்னோம். சக்கர நாற்காலியை வாங்கியும் தெருவில் இறக்கவில்லை. உடன்பிறந்த யாமே அவரைச் சிறையிட்டோம்.

உண்மை யாதெனில், இந்நோய் தொத்துவதன்று. நோயாளிகளிற் பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு எவருக்கும் இது இருந்ததில்லை. எஞ்சிய ஒருவருக்கே பரம்பரையாக வருவது. 'ஸாட் ஒன்று' மரபணுவின் குறை 1993-லும், அதனினும் மிகுதியாகக் காணப்படும் வேறொரு மரபணுவின் குறை 2011-லும் கண்டுபிடிக்கப்பட்டன. அத்தகைய குடும்பத்திற் பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்குறை வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஒரே குடும்பத்தில் இருவர்க்கு இந்நோய் கண்டிருந்தால், வைத்தியரின் ஆலோசனையோடு மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். அதையும் மறைத்துப் பயன் இல்லை. மற்றையோர் விஷயத்தில் குலநோய் என்ற சொல் அறியாமையே.

ஒரு மாலை, வரன் வீட்டார் மறுநாள் வருவதாயிருந்தபோது, தமையனார் கண்களால் மகளை அழைத்தார். அவள் அட்டையை எடுத்தாள். ஐந்து நிமிஷம் சென்றது. அவர் சொன்னது ஐந்தே எழுத்து: "மறைக்காதே." அண்ணியார் அழுதார். யாம் தலைகுனிந்தோம். மறுநாள் வந்தவர்களை உள்ளே அழைத்துச் சென்று, நோயின் பெயரையும் இயல்பையும் சொன்னோம். அவர்கள் மரியாதையாகப் பேசிச் சென்று, பின்பு வரவில்லை. அதற்குத் தமையனார் வருந்தியதாகத் தெரியவில்லை. எட்டு மாதம் சென்று வேறொரு வீட்டார், நோயை அறிந்தே, பெண் கேட்டு வந்தார்கள். முகூர்த்தத்தில் அவர் நாற்காலியில் முன்வரிசையில் இருந்தார். கையால் அட்சதை இட இயலாமையால், மணமக்கள் அவர் கண்ணெதிரே குனிந்து நின்று அவர் இமை மூடித் திறந்ததை ஆசியாகப் பெற்றார்கள். அதன்பின் ஐந்து மாதம் இருந்தார்.

கதவைத் திறந்தபின் கண்டது மற்றொன்று. செய்தி தெரிந்ததும் நம்மவரில் இருவர் தங்கள் உறவினர்க்கும் இதே நோய் என்று இரகசியமாக எம்மிடம் வந்து சொன்னார்கள். அவர்களும் கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒருவருக்கு மூச்சுக்கருவி என்று ஒன்று உண்டென்பதே தெரியாது. எங்கள் மூன்று வீடுகளும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தன.

நம் கடமை

ஆதலின் சங்கத்தாரிடம் சில விண்ணப்பங்கள். இந்நோய்க்கு வேண்டிய கருவிகள் விலையுயர்ந்தவை. ஒரு வீட்டில் சில காலமே பயன்படுபவை. ஒரு வீட்டில் பயன் முடிந்த சக்கர நாற்காலி, முகமூடி மூச்சுக்கருவி, சளி உறிஞ்சும் கருவி, சாய்கட்டில் ஆகியவற்றைச் சங்கமே வாங்கி வைத்து, கேட்பவர்க்கு இரவல் தரலாம். எம் தமையனாருடைய கருவிகளை இன்றே சங்கத்துக்குச் சமர்ப்பிக்கிறோம். முகமூடியும் குழாய்களும் மாத்திரம் ஒவ்வொருவருக்கும் புதியனவாக வேண்டும்.

இரண்டாவது, நோயாளியைப் பேணுபவர் பெரும்பாலும் மனைவியே. அண்ணியார் இரண்டு வருஷம் ஓர் இரவேனும் தொடர்ந்து உறங்கியதில்லை. வாரத்தில் ஒருநாள், மூன்று மணி நேரம், நம் இளைஞர் ஒருவர் போய் அருகிருந்தால், அவ்வம்மையார் கோயிலுக்குப் போய் வரலாம், அல்லது உறங்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், மனம் வேண்டும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நெடுநாள் நரம்பு நோய்களையும் கணக்கிற் சேர்த்திருக்கிறது. அதற்குரிய சான்றிதழ் பெற வழியறியாதவர்க்கு நம்மிற் படித்தவர்கள் துணை போகலாம்.

மூன்றாவது, நோயாளியைக் காணச் செல்பவர்கள் அவரோடு பேசுங்கள். அவரைச் சுற்றி நின்று, அவர் அங்கு இல்லாததுபோல, "எத்தனை நாள் தாங்கும்?" என்று வீட்டாரைக் கேளாதீர்கள். அவருக்குச் செவி உண்டு. விடை சொல்ல அவருக்கு நேரம் ஆகும், காத்திருங்கள். தொண்டையை அறுத்து இயந்திரம் பொருத்துவதா, வேண்டாமா என்பது போன்ற பெரிய தீர்மானங்களை, அவர் சொல்லக்கூடிய காலத்திலேயே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எம் தமையனார் வேண்டாம் என்றார், அவ்வாறே நடந்தோம். கடைசி நாட்களில் மூச்சுத்திணறலைத் தணிக்க வைத்தியர் உரிய மருந்து தந்தார், அமைதியாகவே போனார். வேண்டும் என்பவர்க்கு அவ்வாறே செய்வதும் கடமை.

நான்காவதும் முடிவானதும்: பெண் கேட்கச் செல்லும்போதும் கொடுக்கும்போதும், ஒரு வீட்டில் இந்நோய் இருந்தது என்பதை மாத்திரம் கொண்டு அவ்வீட்டைத் தள்ளுவதில்லை என்று இச்சபையிலுள்ள பெரியோர்கள் தங்கள் மனத்திற்குள் உறுதிகொள்ள வேண்டும். தீர்மானம் எழுதி நிறைவேற்றவேண்டுமென்று யாம் கேட்கவில்லை. நீங்கள் அஞ்சாதிருந்தால் அவர்கள் மறைக்கமாட்டார்கள். மறைக்காதிருந்தால் பதினான்கு மாதம் வீணாகாது. மூச்சுக்கருவி உரிய காலத்தில் வரும். உள்ளறைக் கதவு திறந்திருக்கும்.

இந்நோயை வேரறுக்கும் மருந்து ஒருநாள் வரும் என்றே நம்புகிறோம். அது வருமளவும் நம் கையில் இருப்பவை காலத்தில் அறிதலும், உள்ளதைச் செய்தலும், உடனிருத்தலுமே.